பதினான்கு வினாடி

சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கித் தர்றோம்" என்று சொன்ன அன்று நான் செய்த முதல் வேலை, அவருக்குப் பின்னால் யாராவது நின்று சிரிக்கிறார்களா என்று எட்டிப் பார்த்ததுதான். யாரும் இல்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

அவர் மூவார்க்காரர், சீனர். எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில் நடக்கும். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"பரீட்ச கெடையாது. கிளாஸும் கெடையாது" என்றார். "ஏழு வருஷமா நீ செய்யிற வேலய அப்படியே எழுதி, படம் புடிச்சு, ஒரு ஃபைலாக் கட்டணும். அதிகாரி ஒருத்தர் வந்து பாப்பாரு. ஓகேன்னா மூணாம் நிலை திறன் சான்றிதழ். கவர்மெண்டு முத்திரையோட."

"பரீட்ச இல்லாமலா?"

"இல்லாமத்தான் லா."

"அப்ப எனக்கு எதுக்கு, போஸ்? பரீட்ச எழுதி கஷ்டப்பட்ட பாவப்பட்ட ஜனங்க எத்தனயோ பேர் இருக்காங்க, அவங்களுக்குக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் எட்டு புது இயந்திரங்கள் வரப்போகின்றன, அவற்றுக்குப் பொறுப்பாக நிற்பவனிடம் அந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் இருக்கும் தலைமை அலுவலகம் கேட்கிறது என்றார். "உன்கிட்ட இல்லன்னா வெளியிலேருந்து ஆள் எடுப்பாங்க. வர்ற ஆளுக்கு மெஷின் ஓட்டக் கத்துக் குடுக்கிறது நீதான். கத்துக் குடுத்துட்டு, அவனுக்குக் கீழ நிப்ப. உன் இஷ்டம்."

அதுதான் விஷயம். கத்துக்குட்டி ஒருவனுக்கு நான் வேலை சொல்லிக் கொடுத்து, பிறகு அவனையே 'போஸ்' என்று கூப்பிட வேண்டும். இதைக் கேட்டபின் ஒரு வாரம் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. வெளியில் மட்டும் வழக்கம்போல் எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டு திரிந்தேன்.

என் படிப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பண்டார் தெங்காராவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவே வளர்ந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம். மலாய் மொழியில் தேறாததால், இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போகுமுன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் இருந்தவர்களைவிட ஒரு வயது மூத்தவனாக, கடைசி வரிசையில் ஐந்து வருடம். பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சையில் ஆறு பாடம் தேறினேன். வரலாறு போய்விட்டது. நம் நாட்டில் வரலாறு போனால் மற்றதில் எத்தனை தேறினாலும் சான்றிதழ் கையில் வராது. மலாக்காவை யார் யாரிடமிருந்து பிடித்தார்கள் என்று வரிசையாகச் சொல்லத் தெரியாதவனை நம்பி ஒரு பிளாஸ்டிக் வாளி கூட செய்யவிட முடியாது போலிருக்கிறது.

இப்படித்தான் கூலாயில் இந்தத் தொழிற்சாலைக்கு வந்தேன். ரைஸ் குக்கர் மூடிக்குப் பிளாஸ்டிக் கைப்பிடி செய்கிற இடம். காகிதத்தில் நான் ஆப்பரேட்டர். அதாவது கதவைத் திற, பொருளை எடு, கதவை மூடு. ஆனால் மூன்றாவது வருடத்திலிருந்தே நான் செய்வது செட்டர் வேலை. அச்சை இயந்திரத்தில் ஏற்றுவது, பிளாஸ்டிக் எவ்வளவு சூட்டில் உருக வேண்டும், எவ்வளவு அழுத்தத்தில் அச்சுக்குள் பாய வேண்டும், எத்தனை வினாடி குளிர வேண்டும் என்று திரையில் எண்களைப் போடுவது எல்லாம் நான்தான். காகிதம் மட்டும் இன்னும் என்னைக் கதவு திறக்கிறவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

காகிதம் பொய் சொல்வது எனக்கு மட்டும் இல்லை. என் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து கைப்பிடியின் ஓரப் பிசிறை வெட்டுகிறவர் வங்காளதேசத்துக்காரர். நாங்கள் 'பாய்' என்போம். அவர் டாக்காவில் வணிகவியல் பட்டம் வாங்கியவர். பட்டதாரி பிசிறு வெட்டுகிறார், வரலாற்றில் கோட்டை விட்டவன் பக்கத்தில் நின்று எப்படி வெட்டுவது என்று அவருக்குச் சொல்கிறான். விமானம் ஏறியபோது பாயின் பட்டத்தை யாரோ கீழேயே இறக்கிவைத்து விட்டார்கள்.

இன்னொருத்தர் கதை வேறு மாதிரி. ஒரு முறை இயந்திரத்தை நிறுவ ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். மேனேஜர் முதல் காவலாளி வரை அவரை 'சார், சார்' என்று சுற்றினார்கள். தேநீர் நேரத்தில் எந்த யுனிவர்சிட்டி என்று கேட்டேன். யுனிவர்சிட்டிப் பக்கமே போனதில்லையாம். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, வாரத்தில் மூன்று நாலு நாள் பட்டறை, மிச்ச நாள் தொழில் பள்ளி என்று சில வருடம் பழகினாராம். "வீட்டுல திட்டலையா? சொந்தக்காரங்க யாரும் கேக்கலையா, ஏன் பையன் டாக்டருக்குப் படிக்கலன்னு?" என்றேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. திரும்பத் திரும்ப விளக்கினேன், பாவம், மரியாதைக்குத் தலையாட்டினார். அந்த ஆள் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். பதினாறு வயதில் பள்ளியை விட்டவனை 'சார்' என்று கூப்பிடும் ஊர் ஒன்று இருக்கிறது என்பதை எப்படி நம்புவது.

சரி, என் ரகசியத்துக்கு வருகிறேன். ரகசியம் இல்லாமல் இந்தக் கதை கிடையாது.

உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாய்ந்ததும், அது இறுகும்வரை அச்சு மூடியே இருக்க வேண்டும். அதைக் குளிரும் நேரம் என்போம். இயந்திரத்தின் பக்கவாட்டில் தொங்கும் அதிகாரப்பூர்வத் தாளில் பதினெட்டு வினாடி என்று இருக்கும். எந்த எஞ்சினியரோ எந்தக் காலத்திலோ எழுதியது. நான் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் குறைந்த சூட்டில் உருக்கி, பாய்ந்தபின் கொடுக்கும் பிடிப்பு அழுத்தத்தைக் கொஞ்சம் மாற்றி, அதைப் பதினான்கு வினாடிக்கு இறக்கியிருந்தேன். கைப்பிடியில் குழி விழாது, வளையாது. ஒவ்வொரு கைப்பிடிக்கும் நாலு வினாடி மிச்சம். இரண்டு மணி நேரம் ஓடினால் கால் மணி நேரம் சேர்ந்துவிடும். அந்தக் கால் மணி நேரத்துக்கு 'அச்சு துடைப்பு' என்று பதிவு செய்துவிட்டு இயந்திரத்தை நிறுத்துவேன். ஒரு நிமிடம் உண்மையாகவே துடைப்பேன். மிச்ச நேரம் நான், பாய், பொருளைப் பெட்டியில் அடுக்கும் இரண்டு மலாய் அக்காமார், நாலு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து தே ஓ என்கிற பாலில்லாத தேநீர் குடிப்போம். டார்கெட் எப்போதும் சரியாக வந்துவிடும், கூடவும் வராது, குறையவும் வராது.

அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் மூத்த அக்கா இருமுவார். நான் திரையில் பதினெட்டைப் போட்டுவிடுவேன். அந்த அக்காவுக்கு நெஞ்சுச் சளி என்று நினைத்து மேனேஜர் ஒரு முறை மருந்து வாங்கிக் கொடுத்தார்.

இதை ஏன் மேலே சொல்லவில்லை என்று கேட்கலாம். சொன்னால் 'சபாஷ்' என்று தோளைத் தட்டுவார்கள். மறுநாள் டார்கெட்டை ஏற்றுவார்கள். கால் மணி நேரம் போய்விடும், தே ஓ போய்விடும், தோளில் தட்டிய இடம் மட்டும் வலிக்கும்.

என் ஃபைலை எழுத உதவி செய்ய ஒரு பெண்ணை அனுப்பினார்கள். லாபிஸ் ஊர்க்காரி, நம்ம தமிழ்ப்பிள்ளைதான். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவள். கையில் லேப்டாப், கழுத்தில் அடையாள அட்டை, காலில் புத்தம்புது பாதுகாப்புக் காலணி.

"வாங்க மேடம். ஷூ கடிக்குதா?"

"கடிக்குது அண்ணே. நீங்க மேடம்னு கூப்பிடறது அதவிட கடிக்குது."

ஆள் லேசுப்பட்டவள் இல்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன். அதனால் எச்சரிக்கையானேன். நன்றாக யோசித்தால், என் கைக்குள் இருப்பதை எல்லாம் அவளை வைத்து எழுதி வாங்கிவிட்டு, புதுக் கொட்டகைக்கு அவளையே பொறுப்பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? டிப்ளோமா ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது கைப்பழக்கம்தான். அதைத்தான் ஃபைல் என்ற பெயரில் என்னிடமிருந்து உருவுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஆகவே அவள் கேட்டதற்கெல்லாம் பக்கவாட்டில் தொங்கும் தாளைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

"சூடு எவ்வளவு அண்ணே?"

"தாள்ல இருக்கிறதுதான்."

"பிடிப்பு அழுத்தம்?"

"அதுவும் தாள்லயே இருக்கு தங்கச்சி."

"குளிர்ற நேரம்?"

"பதினெட்டு."

"ஏழு வருஷமா நீங்க ஒரு எண்ணக்கூட மாத்தினதில்லையா?"

"நான் கதவு தெறக்கிற ஆளு மேடம். பெரியவங்க போட்டத நம்ம மாத்தலாமா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று. நான் அச்சு மாட்டுவதைப் படம் பிடித்தாள், ஸ்பானர் பிடிப்பதைப் படம் பிடித்தாள். நான் ஒவ்வொரு படத்திலும் முகத்தைக் கோணலாக வைத்தேன். "இது கவர்மெண்டுக்குப் போகுது அண்ணே" என்று திரும்ப எடுத்தாள்.

வீட்டில் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை செய்கிறார். சுவரில் டாக்டரின் சான்றிதழ்கள் வரிசையாக மாட்டியிருக்கும், தினமும் கண்ணாடியைத் துடைப்பார். "இதாவது வருமாடா?" என்று கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அவர் சும்மா கேட்டுவிட்டுப் போனதால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மதிப்பீட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது, கேண்டீனில் அவள் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, பதினெட்டுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் போன்ல டைம் பாத்தேன். ஒரு நாள் இல்ல, அஞ்சு நாள். பதினாலுதான் வருது."

"போன் மலிவா வாங்கினீங்களா மேடம்? அப்படித்தான் வேகமா ஓடும்."

"அக்கா எப்ப இருமுறாங்கன்னும் எழுதி வெச்சிருக்கேன்."

என் வாயை அடைத்தவர்கள் உலகத்தில் மிகக் குறைவு.

"நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. தாள்ல உள்ளபடி மெஷின் ஓட்டுறவனுக்கு ரெண்டாம் நிலைதான் குடுப்பாங்க. மூணாம் நிலை வேணும்னா, பிரச்சனைய நீங்களே கண்டுபுடிச்சு, நீங்களே சரி செஞ்சதக் காட்டணும். 'செய்த மேம்பாடு'ன்னு ஒரு பக்கமே இருக்கு. உங்க ஃபைல்ல அந்தப் பக்கம் காலி. ஏன்னா நீங்கதான் ஏழு வருஷமா ஒண்ணுமே செய்யலையே."

"பதினெட்டுன்னே இருக்கட்டும்."

"மூணாம் நிலை போயிடும் அண்ணே."

"போகட்டும். இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என் கூட டிப்ளோமா முடிச்சவங்க பத்து பேருல ஏழு பேரு பாலத்தத் தாண்டி சிங்கப்பூர்ல ஆப்பரேட்டரா நிக்கிறாங்க. நான் இங்க உங்க மொகத்தப் படம் புடிச்சிக்கிட்டு இருக்கேன். லாபமாம் லாபம்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல பேச்சைக் கேட்டால் எனக்கு உடனே பாக்கெட்டைத் தடவிப் பார்க்கத் தோன்றும். அவள் பதினான்கை எழுதிவிடுவாள் என்று நிச்சயமாக நம்பினேன். எழுதி, மேனேஜரிடம் காட்டி, அந்தப் பக்கத்தின் கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்வாள்.

மதிப்பீட்டு அதிகாரி ஒரு மலாய்க்காரர், எல்லாரும் 'என்சிக்' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். சட்டை சுத்தமாக இருந்தது, ஆனால் இடது கை ஆள்காட்டி விரலில் பழைய தீக்காயத் தழும்பு. அச்சில் கை சுட்டுக்கொண்டவனுக்குத்தான் அந்த இடத்தில் அப்படி விழும். இந்த ஆளிடம் கதை விட முடியாது என்று புரிந்தது.

காலையில் அச்சு மாட்டச் சொன்னார், மாட்டினேன். கழற்றச் சொன்னார், கழற்றினேன். மறுபடி மாட்டச் சொன்னார். பிறகு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் ஃபைலைப் புரட்டினார். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லாபிஸ்காரி தள்ளி நின்றாள். பாய் தலையை நிமிர்த்தாமல் பிசிறு வெட்டினார்.

கடைசிப் பக்கம் வந்தது. 'செய்த மேம்பாடு' என்ற தலைப்பு. அதன் கீழே வெள்ளைத் தாள். ஒரு புள்ளி கூட இல்லை.

அவள் எழுதவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏன் காலியா இருக்கு?" அதிகாரி கேட்டார்.

எழுத ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். இரண்டாம் நிலை, தே ஓ, கால் மணி நேரம், எல்லாம் பத்திரமாக இருந்திருக்கும். மூன்று மாதத்தில் யாரோ ஒருத்தன் வந்திருப்பான், நான் அவனுக்குக் கதவு திறந்துவிட்டிருப்பேன். அந்த நேரத்தில் அம்மா கண்ணாடி துடைக்கிற கைதான் ஞாபகத்தில் வந்தது. நல்ல எண்ணம் என்று சொல்ல முடியாது, வீம்புதான்.

"எழுத வெக்கமா இருந்துச்சு என்சிக். செஞ்சது இருக்கு" என்றேன். "குளிர்ற நேரம் பதினெட்டு இல்ல. பதினாலு."

சூப்பர்வைசரின் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. "எப்போலேருந்து?"

"இப்பக் கொஞ்ச நாளாத்தான் போஸ்."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷம் இருக்கும்."

மூத்த அக்கா பழக்க தோஷத்தில் இருமினார். தாமதமாக.

அதிகாரி காரணம் கேட்டார். அங்கேதான் நான் மாட்டினேன். எனக்குக் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. சூட்டைக் குறைத்தால் ஏன் சீக்கிரம் இறுகும், பிடிப்பு அழுத்தத்தை ஏன் நீட்டினேன், எல்லாவற்றையும் கையை ஆட்டி, வாயால் சத்தம் எழுப்பி, ஒரு கைப்பிடியை உடைத்துக் காட்டிச் சொன்னேன். எஸ்.பி.எம்.மில் இப்படி கையை ஆட்ட விட்டிருந்தால் மலாக்காவைப் பிடித்தவர்களையும் சொல்லியிருப்பேன்.

சூப்பர்வைசர் அதற்குள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். "அப்படின்னா டார்கெட்ட ஏத்தலாம்" என்றார்.

இதைத்தான் நான் மூன்று வருடமாக எதிர்பார்த்திருந்தேன். பதிலும் அதே நொடியில் வாயில் வந்துவிட்டது. யோசித்து வந்ததில்லை, திருடன் ஓடும்போது சந்து கிடைப்பதுபோல் கிடைத்தது.

"ஏத்தலாம் போஸ். ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பத்து நிமிஷம் நிறுத்தி அச்சு தொடைக்கணும். வேகமா ஓட்டினா காத்துப் பள்ளம் சீக்கிரம் அடைச்சிக்கும். அடைச்சா மூல கருகும்."

காற்றுப் பள்ளம் என்பது அச்சின் ஓரத்தில் மயிரிழை அகலத்துக்கு இருக்கும் கோடு. பிளாஸ்டிக் பாயும்போது உள்ளே இருக்கும் காற்று அது வழியாகத்தான் வெளியேறும். அடைத்தால் காற்று மாட்டிச் சூடேறி, பொருளின் மூலையைக் கருக்கிவிடும். இது எல்லாம் உண்மை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் அடைக்குமா? அது எனக்குத் தெரியாது. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நான் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்ததில்லை. தே ஓ நேரத்தை எவன் விட்டுக்கொடுப்பான்.

அதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தச் சந்தேகப் பார்வையை நான் அறிவேன். கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான்.

"சரி, ஓட்டு" என்றார். "நிறுத்தாம. கருகுதான்னு பாப்போம்."

பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். பதினான்கு வினாடி. ஒவ்வொரு கைப்பிடியையும் பாய் எடுத்து அதிகாரியின் முன்னால் வைக்க, அவர் மூலையைத் திருப்பிப் பார்த்து ஓரமாக வைப்பார். பன்னிரண்டு மணி. எல்லாம் பளபளவென்று, கல்யாணப் பெண் போல. என் வாழ்க்கையில் நான் செய்த கைப்பிடிகளிலேயே அன்றைக்குச் செய்ததுதான் அழகு. ஒன்றாவது அசிங்கமாக வரக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு மணி. இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. கருகலே இல்லை.

"ரெண்டு மணி நேரம்னியே" என்றார் சூப்பர்வைசர்.

"ஏறக்குறைய போஸ். மெஷினுக்கு வாட்ச் பாக்கத் தெரியாது."

தொழுகை நேரம் வந்தது. அதிகாரி தொழுகைக் கூடமான சூராவுக்குப் போனார். சூப்பர்வைசர் சாப்பிடப் போனார். லாபிஸ்காரியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் கழிப்பறைக்குப் போனேன். போய் வர ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அதிகாரியும் சூப்பர்வைசரும் திரும்பி வந்தார்கள். ஒன்றரை மணிக்குப் பாய் நீட்டிய கைப்பிடியின் மூலையில் தேநீர்க் கறை போல ஒரு சின்னப் புள்ளி. அடுத்ததில் கொஞ்சம் பெரிதாக. அதற்கடுத்ததில் யார் கண்ணுக்கும் தெரிகிற கருப்பு.

இயந்திரத்தை நிறுத்தினார்கள். அதிகாரியே டார்ச் அடித்துப் பள்ளத்தைப் பார்த்தார். அடைத்திருந்தது.

"ரெண்டரை மணி நேரம்" என்றார் சூப்பர்வைசர். "அப்ப ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தினாப் போதும்."

"கருகின பொறவு தொடைக்கிறதா போஸ், கருகிறதுக்கு முன்னாடி தொடைக்கிறதா?"

அன்று முழுக்க அதிகாரி சிரித்தது அந்த ஒரு முறைதான். காலிப் பக்கத்தை என்னிடம் நீட்டி, "உக்காந்து எழுது. உன் கையாலேயே" என்றார். என் மலாயில் எழுத்துப்பிழை இருக்கும் என்றேன். தான் மலாய் வாத்தியார் இல்லை என்றார். எழுதினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் நிறுத்தம் என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன். பேனாவைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்து, அவர் ஒப்புதல் கையெழுத்துப் போடும்வரை நான் திருப்பி வாங்கவில்லை.

எல்லாரும் போனபின் பாயிடம் போனேன். கைப்பிடி அச்சில் ஒட்டிக்கொண்டால் அடிக்கிற ஸ்ப்ரே டப்பா அவர் காலடியில் இருந்தது. வழக்கமாக அது அலமாரியில் இருக்கும். அந்த ஸ்ப்ரேயை அளவுக்கு மிஞ்சி அடித்தால் பள்ளம் அடைத்துவிடும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

"பாய், இது எப்படி இங்க வந்துச்சு?"

"ஒட்டுச்சு. அடிச்சேன்."

"எத்தன தடவ?"

"நான் வணிகவியல் படிச்சவன், தம்பி. எண்ணிக்கையில எனக்குத் தப்பு வராது. ஆனா உன்கிட்டச் சொல்ல மாட்டேன்."

லாபிஸ்காரியிடம் கேட்டேன். "நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஷூ கடிச்சுச்சு அண்ணே. குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஆக, என் பேச்சு உண்மையா பொய்யா என்று எனக்கே இன்றுவரை தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தனியாக ஓட்டிப் பார்க்கலாம். பார்க்கப்போவதில்லை.

சான்றிதழ் வந்தது. மூன்றாம் நிலை. முத்திரையை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். "கிழிச்சிடாதடா" என்று அம்மா பிடுங்கிக்கொண்டார், படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டார். ஜெர்மானியரிடம் நான் கேட்ட சொந்தக்காரர்கள் இவர்கள்தான். கட்டைவிரல்களாக வந்து விழுந்தன. ஒரு மாமா மட்டும் 'இது டிகிரிக்குச் சமமா?' என்று கேட்டிருந்தார்.

பாய்க்கும் இதேபோல் ஒரு ஃபைல் கட்டலாமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். இது குடிமக்களுக்கு மட்டும் என்றார். பாய் தோளைக் குலுக்கினார். லாபிஸ்காரியின் பயிற்சி முடிந்தது. அவளை வேலையில் வைத்துக்கொள்ள இடம் இல்லை என்றார்கள். போகிற அன்று வந்து நின்றாள்.

"எங்க மேடம், பாலமா?"

"பாலம்தான். ஆப்பரேட்டர் வேல. கதவு தெறக்கணுமாம்."

"எப்படித் தெறக்கணும்னு காட்டட்டா?"

"எத்தன வினாடின்னு மட்டும் சொல்ல மாட்டீங்க" என்றாள்.

அவள்மேல் அத்தனை நாள் வைத்திருந்த சந்தேகத்துக்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கிண்டல் செய்தே பழகியவனுக்கு அந்த மாதிரிப் பேச்சு வாயில் நிற்காது.

புதுக் கொட்டகையில் இப்போது நான்தான் பொறுப்பு. சட்டையில் டெக்னீஷியன் என்று தைத்திருக்கிறது. பதினான்கு வினாடி இப்போது எல்லா இயந்திரத்துக்கும் சட்டம், டார்கெட்டும் ஏறிவிட்டது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும், பத்து நிமிடம் எல்லா இயந்திரமும் நிற்கும். பாயையும் அக்காமாரையும் கேட்டு வாங்கி என்னோடு வைத்துக்கொண்டிருக்கிறேன். மணி அடித்ததும் அவர்கள் காலை நீட்டி உட்காருவார்கள், தே ஓ வரும்.

நான் உட்கார முடியாது. நடைமுறையில் 'செட்டர் துடைக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறது. சூப்பர்வைசர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். எட்டு அச்சு, பத்து நிமிடம். மூன்று வருடம் பொய்யாகப் பதிவு செய்த வேலையை நான் இப்போது ஒன்று விடாமல் உண்மையாகவே செய்துகொண்டிருக்கிறேன்.

"மெதுவாவே தொடச்சிட்டு வா, தம்பி" என்பார் மூத்த அக்கா, கோப்பையை ஊதிக்கொண்டே. "தே ஓ இன்னும் சூடா இருக்கு."